நீலகிரி டீயின் பெயருக்கு எவ்வளவு மதிப்பு? ஆய்வு மாணவர்களுக்கான செய்முறை

மலைப் பக்கக் கல்லூரிகளில் வணிகவியல், எம்.பி.ஏ., பிஎச்.டி. மாணவர்கள் அலுக்காமல் எடுக்கும் தலைப்பு ஒன்று உண்டு: "நுகர்வோர் நடத்தையும் பிராண்ட் மதிப்பும் – நீலகிரி மாவட்டத்தில் ஓர் ஆய்வு." டீ, வர்க்கி, சாக்லேட், தைலம் என்று பொருள் மாறும், பழனி மலைப் பக்கம் போனால் மலைப்பூண்டு, பஞ்சாமிர்தம். வினாத்தாள் மட்டும் மாறாது. முப்பது கேள்வி, ஐந்து கட்டம், 384 பேர், கடைசியில் "பிராண்ட் மதிப்பு அதிகமாக உள்ளது" என்று ஒரு வரி.

அந்த வரி பெரும்பாலும் தப்பு. சுற்றுலா வந்தவருக்கு ஊட்டி பிடித்திருக்கிறது, குளிர் பிடித்திருக்கிறது, விடுமுறை பிடித்திருக்கிறது. அந்த மனநிலையில் கையில் டீயைக் கொடுத்து "எப்படி இருக்கு?" என்றால் ஐந்துக்கு ஐந்து போடத்தான் செய்வார். அளந்தது ஊரை, எழுதியது பிராண்டை. இந்த இரண்டையும் எப்படிப் பிரிப்பது என்பதுதான் இங்கே சொல்லப் போவது. டீயை உதாரணமாக வைத்துச் சொல்கிறோம். மற்றப் பொருள்களுக்குக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம்.

எதை பிராண்ட் என்கிறீர்கள்?

"ஊட்டி டீ" என்று ஒருவர் சொன்னால் அதற்கு மூன்று பொருள் இருக்கலாம். ஊட்டிக்கு வந்தபோது ஏதோ ஒரு கடையில் வாங்கிய எந்த டீத்தூளும் அவருக்கு ஊட்டி டீதான். ரேஷன் கார்டு வைத்திருப்பவருக்கு அது சிறு விவசாயிகளின் கூட்டுறவுத் தேயிலை ஆலைகளுக்குத் தலைமை அமைப்பான இண்ட்கோசர்வ் ரேஷன் கடைகளில் விற்ற 'ஊட்டி டீ' பாக்கெட். தேயிலை வியாபாரத்தில் இருப்பவரோ 2008இல் புவிசார் குறியீடு பெற்ற 'நீலகிரி (ஆர்த்தடாக்ஸ்)' முத்திரையை நினைப்பார். அந்தக் குறியீடு ஆர்த்தடாக்ஸ் முறையில் உருட்டிய தேயிலைக்கு மட்டும். நம் வீடுகளில் கொதிக்கும் சி.டி.சி. தூளுக்கு, அதாவது இயந்திரத்தில் நசுக்கிக் கிழித்துச் சுருட்டிய தூளுக்கு, பொருந்தாது. இது தெரியாமல் "புவிசார் குறியீடு பெற்ற நீலகிரி டீயை நீங்கள் அருந்துகிறீர்களா?" என்று கேட்டு, "ஆம்" என்பதைச் சதவீதமாக்கிய ஆய்வேட்டை வைவா எனும் வாய்மொழித் தேர்வில் ஒரே கேள்வியில் கவிழ்த்துவிடலாம்.

ஆகவே முதல் பக்கத்திலேயே ஒரு வாக்கியம் எழுதுங்கள்: "இந்த ஆய்வில் 'நீலகிரி டீ' என்பது, நீலகிரி மாவட்டத்தில் தயாரானது என்று உறையில் அச்சிட்ட சி.டி.சி. டீத்தூள்." இப்படி வரையறுத்த பிறகு வினாத்தாளிலும் அட்டையிலும் அதே சொல்தான் வர வேண்டும். ஒரு இடத்தில் நீலகிரி டீ, இன்னொரு இடத்தில் ஊட்டி டீ, மற்றொரு இடத்தில் மலைத் தேயிலை என்று எழுதினால் மூன்று வேறு பொருள்களைப் பற்றிக் கேட்டதாகிவிடும்.

கோட்பாட்டுக்கு அதிகம் அலைய வேண்டாம். சந்தையியல் அறிஞர் ஆக்கர் 1991இல் பிராண்ட் மதிப்பை ஐந்து கூறாகப் பிரித்தார்: பிராண்டை விடாமல் வாங்கும் பழக்கம், பெயர் தெரிந்திருத்தல், தரம் பற்றிய எண்ணம், மனத்தில் எழும் தொடர்புகள், வணிகக்குறி போன்ற பிற உடைமைகள். அதே துறையின் கெல்லர் 1993இல் வேறு வழியில் போனார். ஒரு பிராண்டைப் பற்றி மனத்தில் இருக்கும் அறிவு, அந்தப் பிராண்டின் விற்பனை முயற்சிக்கு நுகர்வோர் காட்டும் எதிர்வினையில் என்ன வேறுபாட்டை உண்டாக்குகிறதோ அதுதான் மதிப்பு என்றார். மலை ஆய்வுக்கு இந்த இரண்டாவதே கைகொடுக்கும், ஏனென்றால் அதன் உயிர் 'வேறுபாடு' என்ற சொல்லில் இருக்கிறது. பெயர் தெரிந்தபோது ஒன்று, தெரியாதபோது ஒன்று; கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது பெயரின் மதிப்பு. கழிப்பதற்கு இரண்டு எண் வேண்டும். வினாத்தாள் மட்டும் கொடுத்தால் கையில் ஒரே எண்தான் இருக்கும்.

பெயரோடு ஒன்று, பெயரில்லாமல் ஒன்று

சுவைச் சோதனைக்கு இரண்டு டீத்தூள் வாங்குங்கள்: ஒன்று நீலகிரி, மற்றது அசாம். இரண்டும் சி.டி.சி.யாக, இரண்டும் ஒரே ரகமாக இருக்க வேண்டும்; டஸ்ட் (மிக நுண்ணிய தூள்) என்றால் டஸ்ட். ஆர்த்தடாக்ஸ் இலையையும் சி.டி.சி. டஸ்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நிறமே காட்டிக்கொடுத்துவிடும். மொத்தச் சோதனைக்கும் தேவையான தூளை ஒரே நாளில், ஒரே லாட்டில் வாங்கிவிடுங்கள்.

பதிலளிப்பவர்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டு குழுவாகப் பிரிக்க வேண்டும். முதல் குழுவுக்கு இரண்டு டம்ளரிலும் எண் மட்டும். இரண்டாவது குழுவுக்கு "நீலகிரி டீ", "அசாம் டீ" என்று உண்மையான பெயர் அட்டை. யாரிடமும் பொய் சொல்லவில்லை என்பதால் ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வாங்குவதும் சுலபம்.

எண் வைக்கும்போது 1, 2 என்றோ அ, ஆ என்றோ வைக்காதீர்கள். முதலாவதுதான் உசத்தி என்று தோன்றிவிடும். 417, 862 போல ஒழுங்கில்லாத மூன்றிலக்க எண் நல்லது. பாதிப் பேருக்கு நீலகிரி முதலில், மீதிப் பேருக்கு அசாம் முதலில். ஊற்றுகிறவர் ஒருவர், கேட்கிறவர் இன்னொருவர். எண் குழுவில், கேட்கிறவருக்கே எது எது என்று தெரியக் கூடாது. தெரிந்தால் முகம் சொல்லிவிடும்.

டீ போடும் அளவு: சர்வதேசத் தர முறையில் 100 மி.லி. கொதிநீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம் ஊறல். ஒரு லிட்டருக்கு 20 கிராம். பால் டீயாகக் கொடுப்பதென்றால் 30 கிராமாக உயர்த்தி, டிகாக்‌ஷன் 700 மி.லி., காய்ச்சிய பால் 300 மி.லி., சர்க்கரை 60 கிராம் என்று கலந்துகொள்ளலாம். பால் சேர்ந்தால் தூளுக்குள்ள வித்தியாசம் மங்கும். ஆனால் நம் ஆட்கள் குடிப்பது பால் டீதான். எதைத் தேர்ந்தாலும் இரண்டு தூளுக்கும் ஒன்றேபோல் செய்து, ஏன் தேர்ந்தீர்கள் என்று எழுதுங்கள். தலைக்கு 50 மி.லி. போதும். ஃபிளாஸ்கில் அரை மணி நேரத்துக்கு மேல் வைத்த டீயைக் கொட்டிவிடுங்கள். மணம் போய்த் துவர்ப்புத்தான் நிற்கும்.

மலையில் ஒரு கூடுதல் சிக்கல். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 92, 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். மேட்டுப்பாளையத்தில் ஏறக்குறைய 99. அதே தூள், அதே அளவு, அதே நேரம். டீ வேறு மாதிரி இறங்கும். ஊட்டியில் ஒரு நாள், கோவையில் ஒரு நாள் சோதனை வைத்துவிட்டு மதிப்பெண் வித்தியாசத்தை "இடத்தின் தாக்கம்" என்று எழுதினால், அதில் பாதி கொதிநிலையின் தாக்கமாக இருக்கலாம். தீர்வு எளிது: ஒரு சமையல் தெர்மாமீட்டர் வாங்கி, சமவெளியிலும் தண்ணீரை 92 டிகிரிக்கு ஆறவிட்டுத் தூளைப் போடுங்கள். தண்ணீரும் ஒரே ஊர்த் தண்ணீராக இருக்கட்டும். இருபது லிட்டர் கேன் இரண்டை வண்டியில் ஏற்றிப் போவதில் கஷ்டமில்லை.

சமவெளிக்கு ஏன் போக வேண்டும்? ஊட்டியில் மட்டும் சோதித்தால் பெயரோடு விடுமுறைக் களிப்பும் சேர்ந்து ஏறும். பாதிப் பேரை மலையிலும் பாதிப் பேரைக் கோவையிலோ மேட்டுப்பாளையத்திலோ சோதியுங்கள். கீழே இறங்கியதும் பெயரின் ஆதாயம் சுருங்கினால், சுருங்கிய அளவு ஊருக்குச் சொந்தம். மிஞ்சியதுதான் பாக்கெட்டோடு வீடு வரைக்கும் வரும்.

டம்ளர் விஷயம்: பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடை. தடை இல்லாவிட்டாலும் அதன் வாடை டீயில் ஏறும். கண்ணாடி டம்ளர் நாற்பது வாங்கி வெந்நீரில் கழுவுங்கள், சோப்பு வேண்டாம். காலை 10 முதல் 11.30, மாலை 3 முதல் 4.30 நல்ல நேரம். வர்க்கியோ சாக்லேட்டோ தின்றுகொண்டே வருகிறவரை இருபது நிமிடம் உட்கார வையுங்கள். புகைத்தவரை அரை மணி நேரம். இரண்டு டம்ளருக்கும் நடுவில் ஒரு வாய் வெதுவெதுப்பான தண்ணீர்.

மதிப்பெண் 1 முதல் 9 வரை. ஒன்பது படிக்கும் சொல் தேடினால் தமிழில் திணறும், அதனால் மூன்று இடத்தில் மட்டும் எழுதுங்கள்: 1 'கொஞ்சமும் பிடிக்கவில்லை', 5 'நல்லாவும் இல்லை, மோசமும் இல்லை', 9 'ரொம்பப் பிடித்தது'. நடுவில் 'பரவாயில்லை' என்று போட்டுவிடாதீர்கள். அது வில்லங்கமான சொல். ஒருவருக்கு "பரவாயில்லையே!" என்றால் பாராட்டு, இன்னொருவருக்கு "பரவாயில்லை, விடு" என்றால் சகிப்பு. ஒரே கட்டத்தில் இரண்டு கூட்டமும் டிக் அடிக்கும்.

எத்தனை பேர்? இரண்டு குழுக்களை ஒப்பிட எளிய சூத்திரம் ஒன்று உண்டு: 16 × (திட்டவிலக்கம் ÷ கண்டுபிடிக்க விரும்பும் வித்தியாசம்)² = ஒரு குழுவுக்கு வேண்டிய ஆட்கள். திட்டவிலக்கம் என்பது எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு. இந்தச் சூத்திரம், தற்செயல் வித்தியாசத்தை உண்மை என்று நம்பிவிடும் வாய்ப்பு 5 சதவீதம், உண்மை வித்தியாசத்தைப் பிடிக்கும் வாய்ப்பு 80 சதவீதம் என்று வைத்த கணக்கு. முன்னோட்டத்தில் முப்பது பேரிடம் சோதித்து, ஒவ்வொருவரும் நீலகிரிக்குக் கொடுத்ததிலிருந்து அசாமுக்குக் கொடுத்ததைக் கழியுங்கள். அந்தக் கழித்த எண்ணின் திட்டவிலக்கம்தான் இங்கே வேண்டியது. அது 2 என்று வந்து, 0.7 மதிப்பெண் வித்தியாசத்தைப் பிடிக்க விரும்பினால், 16 × (2 ÷ 0.7)² = 131. இரண்டு குழுவுக்கு 262. மலை, சமவெளி என்று தனித்தனியே முடிவு சொல்ல விரும்பினால் ஒவ்வோர் இடத்துக்கும் 262. மலைக்கும் சமவெளிக்கும் உள்ள வித்தியாசத்தையே சோதிப்பதென்றால் இதைவிடவும் கூடுதலாக வேண்டும். அதைக் கைடிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.

கணக்குப் போடுவதை ஒரு கற்பனை எண் வைத்துப் பார்க்கலாம். எண் குழுவில் நீலகிரி 6.2, அசாம் 6.5, பெயர்க் குழுவில் நீலகிரி 7.1, அசாம் 6.4. நாக்குக்கு அசாம் 0.3 கூடுதல். பெயர் தெரிந்ததும் நீலகிரி 0.9 ஏறியது, அசாம் 0.1 இறங்கியது. நீலகிரிப் பெயரின் நிகர ஆதாயம் 1.0. இரண்டு குழுவின் கழித்த எண்களையும் சாதாரண டி-சோதனையில் (இரண்டு சராசரிகளின் வித்தியாசம் தற்செயலா என்று பார்ப்பது) வைத்தால் வேலை முடிந்தது. மாணவர்கள் எண் குழுவில் நீலகிரி தோற்றதைப் பார்த்துப் பதறி அதை மறைக்கப் பார்ப்பார்கள். மறைக்காதீர்கள். நாக்கில் தோற்றுப் பெயரில் ஜெயிப்பதுதானே பிராண்ட் மதிப்பு!

எவ்வளவு கொடுப்பீர்கள் என்று கேட்பது

"இந்த டீக்கு நூறு கிராமுக்கு எவ்வளவு தருவீர்கள்?" என்று வாயால் கேட்டால் வரும் பதிலுக்கு மதிப்பில்லை. பெருமைக்குக் கூட்டிச் சொல்கிறவர் உண்டு. கடைக்காரரிடம் பேசுகிற பழக்கத்தில் குறைத்துச் சொல்கிறவர் அதைவிட அதிகம். பெக்கர், டிக்ரூட், மார்ஷக் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1964இல் சொன்ன முறை இதற்கு மருந்து. பதிலளிப்பவர் கையில் 150 ரூபாய் கொடுத்துவிடுங்கள். பாக்கெட்டைக் காட்டி, அதிகபட்சம் எவ்வளவு கொடுப்பார் என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள். ஒரு துணிப்பையில் 20, 30, 40 என்று 150 வரைக்கும் 14 வில்லைகள். அவரே ஒன்றை எடுப்பார். எழுதியதற்குச் சமமாகவோ குறைவாகவோ வில்லை வந்தால், வில்லை விலைக்கு வாங்கிக்கொள்வார். கூடுதலாக வந்தால் பாக்கெட் கிடையாது, பணம் முழுக்க அவருக்கே. 80 எழுதியவருக்கு 60 வந்தால் 60 ரூபாய்க்குக் கிடைக்கும். 100 வந்தால் கிடைக்காது.

இங்கே தப்பாகும் இடம் ஒன்றுதான், ஆனால் எப்போதும் ஆகும்: பேரம். "அம்பதுன்னு எழுதுவோம், அவங்க எழுபதுக்கு வருவாங்க" என்று நினைத்து எழுதுவார்கள். "நீங்க எழுதுறது விலையைக் குறைக்காதுங்க, விலையைப் பை சொல்லும். குறைச்சு எழுதினா, உங்களுக்குக் கட்டுபடியாகிற விலை வந்தும் வாங்க முடியாமப் போகும்" என்று சொல்லி, ஒரு கடலைமிட்டாய் பாக்கெட்டை வைத்து ஒத்திகை பாருங்கள். குறைத்து எழுதி மிட்டாயைக் கோட்டைவிட்டவர் அடுத்த முறை சரியாக எழுதுவார். ஒத்திகை வைக்காத தரவைத் தூக்கிப் போடலாம்.

பாதிப் பேருக்கு உறையில் "டீத்தூள், 100 கிராம்" என்று மட்டும்; மீதிப் பேருக்கு "நீலகிரி டீத்தூள், 100 கிராம்". உள்ளே அதே பாக்கெட். தூளைப் பிரித்து மறுபடி கட்டாதீர்கள். கடையில் வாங்கிய சீல் உடையாத பாக்கெட்டை அப்படியே பழுப்பு உறைக்குள் போடுங்கள். இரண்டு குழுவின் சராசரி வித்தியாசம்தான் பெயரின் ரூபாய் மதிப்பு.

செலவு பயமுறுத்தும். திட்டவிலக்கம் 30 ரூபாய், பிடிக்க வேண்டிய வித்தியாசம் 10 ரூபாய் என்றால் குழுவுக்கு 144, மொத்தம் 288 பேர். ஆளுக்கு 150 என்றால் 43,200 ரூபாய். மாணவருக்குக் கட்டாது. பத்துப் பேரில் ஒருவருக்கு மட்டும் உண்மையில் நடக்கும் என்று முன்னாலேயே சொல்லி, எழுதிய பிறகு குலுக்கிப் போடுங்கள். 29 பேருக்கு 4,350 ரூபாயில் முடியும். துல்லியம் கொஞ்சம் குறையும். வாய்ப்பேச்சை விட எவ்வளவோ மேல்.

கடைக்காரர் விற்பனைக் கணக்கைக் காட்டச் சம்மதித்தால் இன்னொரு வழியும் உண்டு: பெயருள்ள பாக்கெட்டின் மாத வருவாயிலிருந்து பெயரில்லாச் சில்லறைத் தூளின் வருவாயைக் கழிப்பது. 120 பாக்கெட் × 90 ரூபாய் = 10,800; 80 பொட்டலம் × 60 ரூபாய் = 4,800; வித்தியாசம் 6,000. ஒன்று 250 கிராம், மற்றது 200 கிராம் என்றிருந்தால் முதலில் நூறு கிராம் விலைக்குக் கொண்டுவாருங்கள். ரகமும் ஒன்றா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்காது.

வினாத்தாள்

சோதனை இருந்தாலும் வினாத்தாள் வேண்டும். பெயர் ஏன் வேலை செய்கிறது என்று அதுதான் சொல்லும். யூ, தொந்து என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2001இல் வெளியிட்ட அளவுகோல் கைக்கு அடக்கம்: விடாமல் வாங்கும் பழக்கத்துக்கு 3 கூற்று, தரத்துக்கு 2, பெயர் தெரிதலும் மனத்தொடர்பும் சேர்த்து 5, மொத்த மதிப்புக்குத் தனியாக 4. அவர்கள் விளையாட்டு ஷூ, கேமரா ஃபிலிம், வண்ணத் தொலைக்காட்சி ஆகியவற்றில், அமெரிக்கர்களிடமும் கொரியர்களிடமும் சோதித்தது. டீத்தூளுக்கு அப்படியே ஒட்டாது.

மொழிபெயர்ப்பில்தான் பாதி ஆய்வு சாகிறது. "நான் நீலகிரி டீக்கு விசுவாசமானவன்" என்று அச்சிட்ட வினாத்தாள்கள் சுற்றுகின்றன. படிப்பவர் சிரிப்பார், பிறகு தாராளமாக ஐந்து போடுவார். தமிழில் விசுவாசம் முதலாளிக்கும் நாய்க்கும் நடுவில் இருக்கிற சொல். "கடையில் வேறு டீத்தூள் இருந்தாலும் நீலகிரி டீயையே கேட்டு வாங்குவேன்", "நீலகிரி டீ இல்லையென்றால் வேறு கடையில் போய்ப் பார்ப்பேன்" என்று செயலாகக் கேளுங்கள். 'பிராண்ட்' என்ற சொல்லும் எல்லோருக்கும் ஓடாது, "எந்தக் கம்பெனி டீத்தூள்?" என்றால் உடனே பதில் வரும்.

முதல் கேள்வி நினைவு பற்றியதாக இருக்கட்டும், வேறு எதையும் காட்டுவதற்கு முன்: "டீத்தூள்னு சொன்னதும் எந்தப் பேர் ஞாபகத்துக்கு வருது?" 3 ரோசஸ், சக்ரா கோல்ட், ஏ.வி.டி., கண்ணன் தேவன் என்று வரும் வரிசையை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். தலைப்பில் "நீலகிரி டீ பற்றிய ஆய்வு" என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு இந்தக் கேள்வியைக் கேட்பது, விடையைப் பலகையில் எழுதிவிட்டுப் பரீட்சை வைப்பது போல.

எல்லாவற்றுக்கும் "ஆமா, ஆமா" என்று போகிறவரைப் பிடிக்க எதிர்மறைக் கூற்று வைப்பார்கள். தமிழில் "வாங்காமல் இருக்க மாட்டேன் என்பதில்லை" என்று போய் நிற்கும். இரட்டை மறுப்பை விட்டு, எதிர்க் கருத்தை நேராகச் சொல்லுங்கள்: "டீத்தூள் எந்த ஊராக இருந்தாலும் எனக்கு ஒன்றுதான்." இரண்டு மொழிபெயர்ப்பாளர் தனித்தனியே மொழிபெயர்த்து, மூன்றாமவர் மூலத்தைப் பார்க்காமல் திருப்பி மொழிபெயர்க்க வேண்டும். பிறகு பத்துப் பேரிடம் ஒவ்வொரு கூற்றையும் படித்து, "இதுக்கு என்ன அர்த்தம்னு நீங்க சொல்லுங்க" என்று கேளுங்கள். அந்தப் பத்துப் பேர் பிடித்துத் தரும் பிழையை எந்த மென்பொருளும் தராது.

யாரிடம், எங்கே

384 என்ற எண்ணின் கதை: 95 சதவீத நம்பிக்கை, 5 சதவீதப் பிழை எல்லை, பாதிக்குப் பாதி விகிதம் என்று வைத்தால் 1.96² × 0.25 ÷ 0.05² = 384. 2011 கணக்கெடுப்பில் நீலகிரி மாவட்ட மக்கள் 7,35,394; அதற்கும் 384தான். ஆனால் இது பட்டியலிலிருந்து குலுக்கி எடுத்த மாதிரிக்கான கணக்கு. ஊட்டியின் சேரிங் கிராஸ் சந்திப்பில் நின்று, கண்ணில் பட்ட 384 பேரைப் பிடிப்பதற்கு இந்தச் சூத்திரம் எந்த உத்தரவாதமும் தராது.

சுற்றுலாப் பயணிகளுக்குப் பட்டியல் கிடையாது. ஓர் இடத்தில் நின்று, கோட்டைக் கடக்கும் ஒவ்வொரு ஏழாவது ஆளையும் கேளுங்கள். மறுத்தவரையும் எண்ணிக்கொள்ளுங்கள், மறுப்பு விகிதம் ஆய்வேட்டில் வர வேண்டும். தேயிலை ஆலைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வரும் இடத்தில் மட்டும் நிற்காதீர்கள். அங்கே எல்லோர் கையிலும் பை இருக்கும். மலை ரயிலுக்குக் காத்திருக்கும் இடமும் தாவரவியல் பூங்காவும் நல்லவை, பொழுது போகாமல் உட்கார்ந்திருப்பார்கள். முன்னதற்கு ரயில்வேயிடமும் பின்னதற்குத் தோட்டக்கலைத் துறையிடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பூங்காவுக்கு மே மாதத்தில் மலர்க் காட்சி நேரத்தில் போய்க் கேட்டால் கடிதத்தைப் பார்க்கக்கூட யாருக்கும் நேரமிருக்காது, பிப்ரவரியிலேயே கொடுங்கள்.

ஏப்ரல், மே சீசன் கூட்டம் வேறு. செப்டம்பர், அக்டோபரின் இரண்டாம் சீசன் கூட்டம் வேறு. இரண்டிலும், வார நாளும் வார இறுதியுமாகப் பிரித்து எடுக்க வேண்டும். நின்றபடி பதில் சொல்கிறவர் ஏழு நிமிடம்தான் தாங்குவார், 22 கேள்விக்கு மேல் போகாது. மூடுபனியில் காகிதம் நமுத்துப் பேனா எழுதாது, பென்சில் வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளூர் வீடுகளுக்குப் போனால் ஒரு வடிகட்டிக் கேள்வி கட்டாயம்: "வீட்டில் யாராவது தேயிலை போட்டிருக்கிறீர்களா, ஃபேக்டரியிலோ எஸ்டேட்டிலோ வேலை பார்க்கிறீர்களா?" குன்னூர், கோத்தகிரிப் பக்கம் "ஆமாம்" நிறைய வரும். அவர்களை விலக்க வேண்டாம், தனிக் குழுவாக வையுங்கள். கொழுந்துக்குக் கிலோவுக்கு என்ன கிடைக்கிறது என்ற கவலையோடு இருப்பவர் "நீலகிரி டீயின் தரம் உயர்ந்தது" என்ற கூற்றுக்குப் போடும் எண் நுகர்வோர் போடும் எண் அல்ல. தொலைபேசி எண் வாங்காதீர்கள். பரிசு கொடுப்பதென்றால் அங்கேயே கொடுத்துவிடுங்கள்.

பழனி மலைப் பக்கத்துக்கு ஒரு குறிப்பு. பஞ்சாமிர்தமும் கொடைக்கானல் மலைப்பூண்டும் 2019இல் புவிசார் குறியீடு பெற்றவை. ஆனால் இரண்டுக்கும் ஒரே கருவி உதவாது. பூண்டுக்குப் பெயரில்லாச் சோதனை நன்றாகப் பொருந்தும்: எண் போட்ட இரண்டு தட்டு, எது மலைப்பூண்டு என்று கண்டுபிடிக்கச் சொல்வது. பஞ்சாமிர்தத்தை வில்லைப் பையோடு விலை கேட்கப் போனால் அடி விழாவிட்டாலும் முகம் திரும்பும். பிரசாதத்துக்கு யாரும் அதிகபட்ச விலை எழுத மாட்டார்கள். அங்கே வாங்கும் அளவையும், யாருக்கெல்லாம் பகிர்ந்து கொடுக்கிறார்கள் என்பதையும் கேட்பதே சரி.

கணக்கும் எழுத்தும்

எஸ்.பி.எஸ்.எஸ். என்ற கட்டணப் புள்ளியியல் மென்பொருள் இல்லையென்று வருந்த வேண்டாம். ஜமோவியும் ஆர் மென்பொருளும் இலவசம். ஒரு கூறின் கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் குரோன்பாக் ஆல்ஃபா ஒவ்வொரு கூறுக்கும் 0.7க்கு மேல் வேண்டும். 0.95ஐத் தாண்டினால் சந்தோஷப்படாதீர்கள், ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டிருக்கிறீர்கள். காரணிச் சுமைகள் (ஒவ்வொரு கேள்விக்கும் அதன் கூறுக்கும் உள்ள பிணைப்பு) 0.82, 0.78, 0.74 என்றால் அவற்றின் வர்க்கச் சராசரி 0.61, 0.5ஐத் தாண்டியதால் தேறியது. சுமைகளின் கூட்டல் 2.34, விளக்கப்படாமல் மிஞ்சியதன் கூட்டல் 1.17; கூட்டு நம்பகத்தன்மை 2.34² ÷ (2.34² + 1.17) = 0.82, அதுவும் தேறியது. இதோடு நிறுத்திவிடுகிறார்கள். 'விடாமல் வாங்கும் பழக்கமும்' 'மொத்த மதிப்பும்' தனித்தனிக் கூறுதானா என்று காட்டும் எச்.டி.எம்.டி. விகிதத்தைப் (கூறுகளுக்கிடையிலான ஒப்புறவை ஒவ்வொரு கூறுக்குள்ளும் உள்ள ஒப்புறவோடு ஒப்பிடுவது) பாருங்கள், 0.85ஐத் தாண்டினால் இரண்டும் ஒன்றே. அப்புறம் ஒன்று மற்றொன்றைத் தீர்மானிக்கிறது என்று அம்புக்குறி போட்டுக் காட்டுவதில் அர்த்தமில்லை. ஒரே தாளில், ஒரே ஆளிடம், ஒரே நிமிடத்தில் கேட்ட எல்லாக் கேள்வியும் ஒன்றோடொன்று ஒத்துத்தான் போகும். சுவைச் சோதனையும் விலைச் சீட்டும் வேறு வழியில் வந்த எண்கள் என்பதால் அவற்றோடு வினாத்தாள் ஒத்துப்போகிறதா என்பதே உண்மையான பரீட்சை.

பழைய ஆய்வேடுகளை ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் தேடிப் படியுங்கள், ஆனால் இலக்கிய மீளாய்வை அங்கிருந்து தூக்காதீர்கள், பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2018 விதிப்படி ஒப்புமை 10 சதவீதத்துக்குள் இருந்தால்தான் தொல்லையில்லை.

சோதனை முடிந்ததும் இரண்டு தூளிலும் 250 கிராம் எடுத்து, காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பாவில் லாட் எண், வாங்கிய தேதியோடு வையுங்கள். உறைகளைப் படமெடுத்து பின்னிணைப்பில் சேருங்கள். ஊட்டி ஈரத்தில் மூடி தளர்ந்தால் ஒரே மாதத்தில் தூள் பூத்துவிடும், டேப் போட்டு ஒட்டுங்கள். வைவாவில் "இரண்டும் ஒரே ரகம்தான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்ற கேள்வி வரும்போது டப்பாவை மேசைமேல் வைக்கலாம்.